வசனம் கடைசியில் வரட்டும்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகளே எழுதி நடிக்கும் நாடகம் ஒன்று செய்ய ஆசைப்பட்டு, குழு பிரித்து எழுதச் சொன்னேன். வந்ததெல்லாம் ஒரே மாதிரி. அடங்காத மகன், கோபக்கார அப்பா, கடைசியில் தாத்தா வந்து அறிவுரை சொன்னதும் எல்லோரும் திருந்திவிடுகிறார்கள். 'எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது தோழி' என்று பேசிக்கொள்கிறார்கள். மேடையேற்றினால் மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பிக்கிறார்கள். இதே பிள்ளைகள் இடைவேளையில் என்னைப் போல நடித்துக் காட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அச்சு அசல் நானேதான்! நான் எங்கே தவறுகிறேன்? வாயே திறக்காத நாலைந்து பேரை என்ன செய்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த ஜன்னலில் நீங்கள் பார்த்ததுதான் நாடகம். அது உங்கள் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. தாளைக் கொடுத்ததும் ஓடிவிடுகிறது, ஏனென்றால் தாளைக் கண்டால் அவர்களுக்குக் கட்டுரை எழுதத்தான் பழக்கம். அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் நடிக்கட்டும், பிறகு எழுதட்டும்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நான் நடத்திய ஒரு பயிலரங்கில் ஒரு சிறுமி இப்படி எழுதியிருந்தாள்: 'என் நாட்குறிப்பை நீ படித்துவிட்டாய். எனக்குக் கோபமாக இருக்கிறது.' அக்கா தங்கையிடம் சொல்வது. அவளையும் இன்னொருத்தியையும் எழுந்து நிற்கச் சொன்னேன். ஒரே நிபந்தனை: கோபம், நாட்குறிப்பு, படித்தாய் என்ற மூன்று சொற்களும் வாயில் வரக்கூடாது. அக்கா சற்று நேரம் விழித்தாள். பிறகு பெஞ்சில் கிடந்த பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.

"சாப்பிட வரலியா?"

"பேனா மூடி எங்க?"

"எனக்குத் தெரியாது."

"இங்கதான் இருந்துச்சு."

"நான் எடுக்கல."

"நீ எடுத்தேன்னு நான் சொல்லவே இல்லியே."

வகுப்பு அப்படியே அடங்கிப்போனது. உடனே எல்லோரையும் உட்காரவைத்து, இப்போது காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள் என்றேன். ஐந்து நிமிடம்தான். அதுவரை எழுதியதில் ஒரு வரிகூட யாருக்கும் தேவைப்படவில்லை.

'கோபமாக நடி' என்று மட்டும் சொல்லாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பல்லைக் கடித்து முறைக்கும், அவ்வளவுதான். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எட்டாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களையும் சொல்கிறார். அழுகைக்கு இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (நிலை கெட்டுத் தளர்வது), வறுமை. நாடக ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அழச் சொல்ல வேண்டாம், இழப்பைக் கொடுங்கள். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். 'இந்த நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன்?' என்று நடிகரைக் கேட்க வைத்தார். கேள்வி 'என்ன உணர்வேன்' அல்ல, 'என்ன செய்வேன்' என்பதைக் கவனியுங்கள்.

ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று விஷயம் போதும். யார், எங்கே, என்ன செய்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் 1963இல் வெளியிட்ட நூலில் உள்ள பயிற்சிகள் பெரும்பாலும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கின்றன. நான் நாலாவதாக ஒன்று சேர்ப்பேன்: ஒருவருக்கு ஒன்று வேண்டும், மற்றவர் அதைத் தரக்கூடாது. பூட்டிய கதவுக்கு வெளியே ஒருத்தன், உள்ளே ஒருத்தன். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஜோடி ஜோடியாகச் செய்யட்டும். வேடிக்கை பார்க்க ஆள் இல்லாவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

அடுத்தது மொழி. இதில் பிள்ளைகள்மேல் தவறே இல்லை. 'வரலை' என்று எழுதினால் சிவப்பு மையால் சுழித்து 'வரவில்லை' என்று திருத்துவதைத்தான் ஆண்டுக்கணக்கில் செய்துவருகிறோம். அந்தப் பிள்ளை மேடைக்கு மட்டும் எப்படிப் பேச்சுத்தமிழ் எழுதும்? வெளிப்படையாக அனுமதி கொடுங்கள். அடைப்புக்குறிக்குள் வரும் மேடைக்குறிப்பு எழுத்துத்தமிழில், வசனம் அந்தப் பாத்திரம் வீட்டில் பேசுகிற தமிழில். ஒரே பக்கத்தில் இரண்டு தமிழையும் எழுதிப் பழகும் பிள்ளைக்கு எழுத்துத்தமிழ் கெட்டுப்போகாது. எதை எங்கே எழுத வேண்டும் என்பது இன்னும் தெளிவாகும். எழுதியதை வேறொருவர் உரக்கப் படிக்க, எழுதியவர் கேட்கட்டும். நாக்கு இடறும் இடம் அவருக்கே தெரிந்துவிடும்.

தாத்தாவை நீக்கச் சொல்ல வேண்டாம். அவருக்கும் ஏதோ ஒன்று வேண்டும் என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். பேரனிடம் கடன் கேட்க வந்த தாத்தா அறிவுரை சொல்லிப் பார்க்கட்டும், காட்சி எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

வாயே திறக்காதவர்களைத் தயவுசெய்து மேடைக்குத் தள்ளாதீர்கள். 'கூச்சம் போகட்டும்' என்று சொல்லிச் செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கூச்சம் போவதில்லை, நாடகத்தின்மேல் இருந்த ஆசைதான் போகிறது. பிரிட்டனில் நாடகத்தை வகுப்பறைக் கருவியாக்கிய டோரதி ஹீத்கோட் ஒரு வழி காட்டினார். ஆசிரியரே ஒரு பாத்திரமாகக் காட்சிக்குள் நுழைந்துவிடுவது. வழி தெரியாத பயணியாக நீங்கள் வந்து நின்று உதவி கேட்டால், அதுவரை பேசாத பிள்ளை வழி சொல்லிவிடும். அது நடிக்கவில்லை, உங்களுக்கு உதவுகிறது.

அதற்கும் வராதவர்களிடம் மேடைக்குறிப்பை ஒப்படையுங்கள். விதி ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டுமே எழுத வேண்டும். 'பழையதை நினைத்து ஏங்குகிறாள்' என்று எழுதக்கூடாது, மேடையில் அதை யாரும் பார்க்க முடியாது. இந்த வேலைக்குப் பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் சரிப்படுவதில்லை.

அன்றைக்கு அக்கா தங்கை காட்சியை எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சில் இரண்டு நாளாக ஒரு சொல்லும் பேசாமல் இருந்த பையனின் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் வசனமே இல்லை. தங்கையாக நடித்தவள் தொடக்கத்திலிருந்தே வலது கையை மூடியபடி நின்றதை, என்னையும் சேர்த்து, வேறு யாரும் கவனிக்கவில்லை. அவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்.

(மூடி தங்கையின் கைக்குள் இருக்கிறது.)