வினிகர் வாசம் அடிக்கும் ரீல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எச். லீ வாட்டர்ஸ் எடுத்த அமெரிக்கச் சிற்றூர்ப் படங்களை டியூக் பல்கலைக்கழகத்தின் தளத்தில் பார்த்தேன். ஏன் இத்தனை கீறல்? சில ஊர்களில் ஆட்கள் ஏன் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள்? இன்னொன்று. எங்கள் ஊர்த் தியேட்டர் திறப்பு விழாவை எடுத்த 16 எம்எம் ரீல் நண்பர் வீட்டில் இருக்கிறது. டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசம். புரொஜெக்டர் கிடைத்தால் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா?

மு.

அன்புள்ள மு.,

ஓட்டாதீர்கள். வாட்டர்ஸின் கீறல்களே அதற்குக் காரணம் சொல்லும்.

வட கரோலினாவின் லெக்சிங்டனில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் அவர். 1936 முதல் 1942 வரை ஊர் ஊராகப் போய், பள்ளி வாசலிலும் மில் வாசலிலும் நின்று வருகிற போகிறவர்களை எடுத்து, அந்த ஊர்த் தியேட்டரிலேயே பெரிய படத்தோடு சேர்த்துக் காட்டினார். தன் முகத்தைத் திரையில் பார்க்க யார்தான் டிக்கெட் எடுக்க மாட்டார்கள்! ஆனால் அவருடையது ரிவர்சல் ஃபிலிம். கேமராவில் ஓடிய சுருளே கழுவியதும் பாசிட்டிவ் ஆகிவிடும், நெகட்டிவ் கிடையாது. இருந்த ஒரே பிரதியைத்தான் புரொஜெக்டரில் ஓட்டினார்கள். கீறல்கள் அப்படி ஓட்டியதில் விழுந்தவை.

வேகம் எளிய விஷயம். மௌனப்படக் கேமராவுக்கு வழக்கமாக நொடிக்கு 16 ஃபிரேம். 24இல் ஓட்டினால் 16 நிமிடம் 40 நொடி ஓட வேண்டிய 400 அடி ரீல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

உங்கள் ரீலுக்கு வருவோம். துளைகளைச் சுற்றிய ஓரம் கறுப்பாக இருந்தால் அநேகமாக அதுவும் ரிவர்சல் மூலப்பிரதிதான். கோடாக் ஃபிலிமானால் ஓரத்தில் குறிகள் இருக்கும்: ஒரு வட்டம் 1936, 1956 அல்லது 1976, ஒரு சதுரம் அதற்கடுத்த ஆண்டு, ஒரு முக்கோணம் அதற்கும் அடுத்தது. அது ஃபிலிம் தயாரான ஆண்டு, விழா நடந்த ஆண்டு அல்ல. இருபது ஆண்டுக்கொருமுறை குறி திரும்ப வருவதால் எந்தச் சுற்று என்பதைத் தியேட்டர் வாசல் போஸ்டரை வைத்து முடிவு செய்யுங்கள்.

வினிகர் வாசம் என்றால் ஃபிலிமின் அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதைந்து அமிலம் விடுகிறது. மூடிய டப்பாவில் அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். துருப்பிடித்த தகர டப்பாவை விட்டு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். மற்ற ரீல்களோடு வைக்க வேண்டாம். பூஞ்சை தெரிந்தாலும் ஈரத்துணி படக்கூடாது, படம் பதிந்திருக்கும் பூச்சான எமல்ஷன் ஜெலட்டினால் ஆனது, இளகி வந்துவிடும்.

பிறகு ஓர் அளவு. ஃபிலிமை இழுக்காமல் மேசையில் படுக்கவைத்து 100 ஃபிரேமை அளவுகோலால் அளந்து பாருங்கள். 762 மிமீ வர வேண்டும். 754 வந்தால் ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது. அந்த நிலையில் புரொஜெக்டரின் பல், துளைக்குள் இறங்காமல் அதன் விளிம்பில் இறங்கும். வரிசையாகக் கிழித்துக்கொண்டே போகும்.

ஸ்கேன் செய்பவரிடம் பல்சக்கரம் இல்லாத இயந்திரமா என்று முதலில் கேளுங்கள். துளையும் ஓரக்குறியும் தெரியும்படி அகலமாக எடுக்கச் சொல்லுங்கள். ஒரு ஃபிரேமுக்கு ஒரு படம்தான். நொடிக்கு 25 ஃபிரேமாக நிரவித் தரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேகத்தைப் பிறகு கணினியில் 16க்கு வைத்துக்கொள்ளலாம்.