எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு வெளிநாட்டுப் பயணம்: வாசகர் கேள்வி-பதில்

லண்டன், கொழும்பு, தோஹா, டொரன்டோ, சிங்கப்பூர் என்று நாலா பக்கமிருந்தும் கேள்விகள். பாதிப் பேர் கேட்பது "எங்கே மலிவு?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியபின் உங்களை யார் பார்க்கப்போகிறார்கள்? கீழே உள்ள பதில்களில் பலவும் அங்கேதான் போய் நிற்கும்.

வயது 44, உயரம் 158 செ.மீ., எடை 98 கிலோ, சர்க்கரையும் இருக்கிறது. என்எச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) வரிசை நகரவில்லை. இஸ்தான்புல் பேக்கேஜ் ஐந்து நாளில் முடிகிறது என்கிறார்கள். சென்னையா, இஸ்தான்புல்லா? – ஈஸ்ட் ஹாம் வாசகி

உங்கள் பிஎம்ஐ (உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கு) 39. எடைக் குறைப்பு சர்ஜன்களின் அமெரிக்க அமைப்பான ஏஎஸ்எம்பிஎஸ், உலக அமைப்பான ஐஎஃப்எஸ்ஓ இரண்டும் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பிஎம்ஐ 35-ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் ஆபரேஷன் பரிந்துரைக்கலாம். ஆசிய உடல்வாகுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம். ஆகவே தகுதியில் சிக்கல் இல்லை.

துருக்கியில் தேர்ந்த சர்ஜன்கள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டியது அந்த 'ஐந்து நாள்' கணக்கைப் பார்த்துத்தான். ஸ்லீவ் என்னும் ஆபரேஷனில் வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தை நீளமாக ஸ்டேப்ளர் போட்டு மூடுகிறார்கள். அந்தத் தையல்கோட்டில் கசிவு வந்தால், அது பெரும்பாலும் உணவுக்குழாய் சேரும் மேல்முனையில்தான் வரும். மூன்றாம் நாளும் வரலாம், பத்தாம் நாளும் வரலாம். ஐந்தாம் நாள் நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள். 2019 ஜனவரிக்குப் பிறகு மருத்துவத்துக்காகத் துருக்கி போன குறைந்தது 28 பிரிட்டிஷ் குடிமக்கள் அங்கே இறந்ததாக பிரிட்டன் வெளியுறவு அலுவலகம் எச்சரித்திருக்கிறது (எல்லாமே எடைக் குறைப்பு அல்ல). 2023 பிப்ரவரியில், 'வயிற்று போடாக்ஸ்' ஊசி போட்டுக்கொண்டு ஊர் திரும்பிய ஐரோப்பியர்கள் பலருக்கு பாட்டுலிசம் (தசைகளை முடக்கும் நச்சுப் பாதிப்பு) வந்ததும் அங்கிருந்துதான். அந்த ஊசி பக்கமே போகாதீர்கள்.

சென்னை என்றாலே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரலில் புறநகர் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவைக்குச் சேர்ந்த இளைஞர் இறந்து, அந்த மருத்துவமனையின் பதிவையே அரசு நிறுத்திவைத்தது. ஊர் எதுவானாலும் ஏஜென்டிடம் கேட்காமல் மருத்துவமனையிலேயே கேளுங்கள். என்னைத் தொடப்போகும் சர்ஜன் யார், பெயரை எழுதித் தருவீர்களா? ராத்திரி இரண்டு மணிக்கு சிடி ஸ்கேன் எடுக்க முடியுமா? ஐசியு அதே கட்டடத்திலா, ஆம்புலன்ஸ் தூரத்திலா? கசிவு வந்தால் எண்டோஸ்கோப்பியில் ஸ்டென்ட் (கசிவை மறைக்கும் குழாய்) வைக்க இங்கேயே ஆள் உண்டா? மறு ஆபரேஷனும் கூடுதல் ஐசியு நாட்களும் பேக்கேஜில் சேர்த்தியா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு இந்தச் செலவைத் தராது.

உங்கள் ஊர் நிலவரம்: அவசரம் என்றால் என்எச்எஸ் பார்க்கும். ஆனால் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது 2 வருடம் நிபுணர் குழு கவனிக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பின் விதி. வெளிநாட்டில் காசு கொடுத்துச் செய்துகொண்டவருக்கு அந்த 2 வருடத்தை உங்கள் ஜிபி (குடும்ப டாக்டர்) ஏற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. டிக்கெட்டுக்கு முன்னால் ஜிபியிடம் பேசுங்கள். ரத்தப் பரிசோதனை, டயட்டீஷியன் செலவை ஆபரேஷன் பட்ஜெட்டிலேயே சேர்த்து வையுங்கள்.

சென்னைக்கு டூரிஸ்ட் விசாவில் வந்து செய்துகொள்ளலாமா? எத்தனை நாள் தங்க வேண்டும்? – வெள்ளவத்தை வாசகர்

இ-மெடிக்கல் விசா எடுங்கள். மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். 60 நாள் செல்லும், மூன்று முறை நுழையலாம்; கூட வரும் இரண்டு பேருக்குத் துணையாள் விசா தனியாக உண்டு. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தால் இதெல்லாம் வேண்டாம். பரிசோதனைக்கு 3–4 நாள், ஆஸ்பத்திரியில் 3 நாள், பிறகு பக்கத்திலேயே அறை எடுத்து 10 நாள் என்று குறைந்தது 17 நாள் கணக்கு வையுங்கள். அறை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ தூரத்தில் இருக்கட்டும். அத்தை வீடு தாம்பரத்தில் என்றாலும் முதல் வாரம் லாட்ஜே நல்லது.

21 நாள் லீவு. ஆபரேஷன் முடிந்து எத்தனையாவது நாள் ஃபிளைட் ஏறலாம்? – தோஹா, கிடங்கு வேலை

லாப்ரோஸ்கோப்பிக்கு (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன்) பிறகு ஓரிரு நாளில் பறக்கலாம் என்று எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். அது சின்ன ஆபரேஷனுக்கு. இதற்குக் குறைந்தது 10 நாள், 14 என்றால் நிம்மதி. காரணம் இரண்டு: கசிவு, கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கட்டுப் பிடிக்கும் வாய்ப்பு கூடும். எடை அதிகம், புதிதாக ஆபரேஷன், தண்ணீர் குறைவாகக் குடிப்பது எல்லாம் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அந்தக் கட்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் ரத்தம் கட்டாமல் தடுக்கும் எனாக்ஸாபாரின் ஊசி தருகிறார்கள், பொதுவாக 40 மில்லிகிராம், 2 முதல் 4 வாரம். எடையைப் பொறுத்து அளவு மாறும். டிஸ்சார்ஜுக்கு முன் நர்ஸ் பக்கத்தில் நிற்க ஒருமுறை நீங்களே போட்டுப் பழகுங்கள். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஆபரேஷன் தழும்பு இல்லாத இடத்தில் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியை நேராகக் குத்த வேண்டும். ஊசிக்குள் தெரியும் காற்றுக் குமிழை வெளியே தள்ளக் கூடாது, மருந்தும் சேர்ந்து போய்விடும். போட்ட பிறகு தேய்க்காதீர்கள். நீலம் பாய்வது தேய்ப்பதால்தான். மிச்ச ஊசிகள், சீட்டோடு, கைப்பையில் வரட்டும்.

நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், மணிக்கொரு முறை எழுந்து நடங்கள், காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங் போடுங்கள், 15 நிமிடத்துக்கு ஒரு மிடறு தண்ணீர். பெட்டியை நீங்கள் தூக்கவே கூடாது. 4 முதல் 6 வாரத்துக்கு 5 கிலோதான் வரம்பு. ஆகவே கிடங்கு வேலைக்கு 21 நாள் போதாது. மேசை வேலை இருந்தால் மாற்றிக் கேளுங்கள், இல்லையேல் லீவை நீட்டிய பிறகு தேதி குறியுங்கள்.

இன்னொன்று. வலி மருந்துகளான டிராமடால், கோடீன் வளைகுடா நாடுகளில் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். பாராசிட்டமால் போதுமா என்று சர்ஜனிடம் கேட்டுவிட்டு, அந்த அட்டைகளைச் சென்னையிலேயே விட்டுவிடுங்கள்.

இடது தோள்பட்டை வலிக்கிறது. கேஸ்தான் என்கிறார்கள். நம்பலாமா? – கோவையில் தங்கியிருப்பவர்

முதல் இரண்டு மூன்று நாள் என்றால் நம்பலாம். வயிற்றை ஊத வைத்த கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி, நடந்தால் குறையும். குறைந்த வலி மறுபடி வந்தாலும், கூடவே காய்ச்சல், மூச்சுத் திணறல், ஏதோ சரியில்லை என்ற பதற்றம் இருந்தாலும் கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முந்திய அறிகுறி நாடித்துடிப்பு. சும்மா படுத்திருக்கும்போது 120-ஐத் தாண்டினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரி. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கிக் காலை மாலை பார்த்து எழுதி வையுங்கள்.

ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா? எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு. – டொரன்டோ வாசகர்

நெஞ்செரிச்சல் பலமாக இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டும். குழாய் போல ஒடுங்கிய வயிற்றில் அழுத்தம் ஏறுவதே காரணம். பைபாஸ் (வயிற்றைச் சிறு பையாக்கி, குடலில் இன்னும் கீழே கொண்டு இணைப்பது; இதய பைபாஸ் அல்ல) அதைக் குறைக்கும். ஒரே இணைப்போடு முடியும் மினி பைபாஸில் எடை நன்றாக இறங்கும், ஆனால் பித்தநீர் வயிற்றுக்குள் ஏறும் சாத்தியமும் சத்துக்குறைவும் கூடுதல். எண்டோஸ்கோப்பி பார்க்காமல் இதை முடிவு செய்யும் இடம் சரியில்லை.

எதைச் செய்தாலும் ஆபரேஷன் நோட்ஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, இது வேறு. ஸ்லீவ் என்றால் உள்ளே விட்டு அளவெடுத்த குழாயின் பருமன் (36, 38, 40 ஃபிரெஞ்ச் என்று, அந்தப் பெயர் கொண்ட அலகில் இருக்கும்); பைபாஸ் என்றால் எந்தக் குடல் கிளை எத்தனை செ.மீ.; ஹையாட்டஸ் ஹெர்னியா (வயிறு உதரவிதானத்தின் துளை வழியே மேலேறுவது) தைத்தார்களா; குடல்மடிப்பு இடைவெளிகளை மூடினார்களா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் பனிக்கால ராத்திரியில் வயிறு முறுக்கி எமர்ஜென்சிக்குப் போனால், பைபாஸ் ஆனவருக்கு உள்குடலிறக்கம் (அந்த இடைவெளியில் குடல் சிக்குவது) இருக்கலாம் என்று அந்த டாக்டருக்குத் தோன்ற வைப்பது அந்தத் தாள்தான். மருந்துகளை பிராண்ட் பெயரில் எழுதாமல் மூலப்பெயரில் எழுதச் சொல்லுங்கள். இங்கே விற்கும் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. ஐபுப்ரோஃபென், டிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸ்காரர்களுக்கு ஆகாது, இணைப்பில் புண் வரும். சிகரெட்டும் அப்படியே.

சுத்த சைவம். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் வாரம். அம்மா கஞ்சி, ஜவ்வரிசிக் கூழ், பாதாம் பால் என்று தருகிறார். தலை சுற்றுகிறது. – சிங்கப்பூர் வாசகி

அம்மாவின் கைப்பக்குவத்தில் குறையில்லை, கணக்கில்தான் குறை. உங்களுக்கு ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். கஞ்சியும் ஜவ்வரிசியும் வெறும் மாவுச்சத்து. இட்லி ஒன்றில் 2 கிராம் புரதம். இட்லியை நம்பினால் 30 தின்ன வேண்டும், உங்கள் வயிறோ ஒன்றுக்கே திணறும்.

மூன்றாம், நான்காம் வாரம் மசித்த உணவுக் காலம். இப்படிப் பிரித்துப் பாருங்கள்: கொழுப்பு நீக்கிய பால் 200 மில்லியில் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) ஒரு ஸ்கூப், இரண்டு தடவையாகப் பிரித்துக் குடித்தால் மொத்தம் 31 கிராம். துணியில் கட்டி வடித்த தயிர் 100 கிராம், சுமார் 8. பனீர் 50 கிராமைப் பாலில் அரைத்தது, 9. குழைய வேகவைத்துக் கடைந்த பாசிப்பருப்பு 100 மில்லி, 5 அல்லது 6. இரவில் இன்னொரு டம்ளர் பால், 7. கூட்டினால் 60. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு ஊதினால் லாக்டோஸ் (பால் சர்க்கரை) நீக்கிய பாலும், அது மிகக் குறைவாக உள்ள ஐசோலேட் வகை வேயும் எடுங்கள்.

தலைசுற்றல் பெரும்பாலும் தண்ணீர்க் குறைவு. இருமல் மருந்து மூடி 10 மில்லி, அதில் மூன்று. அதாவது 15 நிமிடத்துக்கு 30 மில்லி. விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் 1,680 மில்லி ஆகிவிடும். வடிகட்டிய ரசம், நீர்மோர், இளநீர் எல்லாம் இதில் சேர்த்தி. சாப்பாட்டோடு மட்டும் குடிக்கக் கூடாது, அரை மணி இடைவெளி வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை, குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை, பழைய அளவிலேயே போகிறதா என்றும் இன்றே பாருங்கள்.

ஐந்தாம் வாரம் சாம்பாரில் ஊறிய இட்லி, குழைந்த பருப்புக் கிச்சடி. சோறு, சப்பாத்தி, பிரெட் மூன்றும் கடைசியில்தான்; உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். விக்கலோ நெஞ்சில் லேசான அழுத்தமோ வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். "இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டும் அன்பைத்தான் சமாளிக்க வேண்டும். அந்த ஒரு வாய்தான் வாந்தியாக வரும்.

கணவருக்கு ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம். பத்து நாளாக எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. கால் மதமதக்கிறது. – மெல்பர்ன் வாசகரின் மனைவி

இதைப் படித்ததும் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். வயிற்றுப் பாதை சுருங்கியிருக்கலாம், எண்டோஸ்கோப்பி பலூனால் விரிக்க முடியும். அதைவிட அவசரம் தயமின், அதாவது பி1. உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். கால் மதமதப்பு, தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, குழப்பம் ஆகியவை அது தீர்ந்ததன் அடையாளம். தாமதித்தால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். வாசலிலேயே சொல்லுங்கள்: "எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆனவர், பத்து நாள் வாந்தி, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போடுங்கள்." தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கும் கொஞ்சமும் செலவாகி நிலைமை மோசமாகும்.

சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்துவது? – பல வாசகர்கள்

நீங்களாக நிறுத்தாதீர்கள், தேதி போட்டு எழுதி வாங்குங்கள். இன்சுலினும் கிளிமெபிரைடு வகையும் ஆபரேஷன் அன்றே குறைக்கப்படும் அல்லது நிற்கும், இல்லையென்றால் சர்க்கரை தடாலென இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையைக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்கு முன் ஈரலைச் சுருக்க இரண்டு வாரம் 800–1,000 கலோரி உணவு தருவார்கள் அல்லவா, பலர் அப்போதே நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை 180-தான் இருக்கும், ஆனால் ரத்தத்தில் அமிலம் ஏறிக் கிடக்கும் என்பதுதான் இந்த வகையில் பயம். சர்க்கரைக்கும் எடைக்கும் தரும் செமாக்ளூடைடு ஊசி போடுபவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்கக் கூடாது. பட்டினி இருந்தாலும் வயிற்றில் உணவு தங்கியிருக்கும்.

விட்டமின் எத்தனை மாதம்? – ஜாஃப்னா வாசகி

ஆயுள் முழுக்க. மல்டிவிட்டமின் தினமும், கால்சியம் சிட்ரேட் 1,200–1,500 மில்லிகிராம், ஒரு வேளைக்கு 500 என்று பிரித்து, டி3 3,000 யூனிட், மாதவிடாய் உள்ளவர்களுக்கு இரும்பு 45–60 மில்லிகிராம், பி12 மாத்திரையாகவோ ஊசியாகவோ. கால்சியத்துக்கும் இரும்புக்கும் 2 மணி நேர இடைவெளி. இரும்பு மாத்திரைக்கு மேல் டீ குடித்தால் போட்டதே வீண். 3, 6, 12-ஆம் மாதம், பிறகு வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை.

முடி கொட்டுகிறது.

மூன்றாம் மாதம் தொடங்கி ஆறாம் மாதம் வரை கொட்டும், வளர்ந்துவிடும். புரதத்தையும் இரும்பையும் பாருங்கள். பயோட்டின் வாங்கிக் குவிக்காதீர்கள், தைராய்டு பரிசோதனை முடிவைக் கூட அது குழப்பும்.

கல்யாணமாகி ஆறு வருடம், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உண்டு. ஆபரேஷனுக்குப் பின் குழந்தைக்கு எப்போது முயலலாம்?

12 முதல் 18 மாதம் கழித்து. எடை இறங்க இறங்க சினைமுட்டை தானாகவே வெளிவரத் தொடங்கும், "எனக்குத்தான் நிற்காதே" என்று அசட்டையாக இருப்பவர்கள் நான்காம் மாதமே கர்ப்பமாவது உண்டு. பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். காப்பர்-டி போன்ற ஒன்றை, ஆபரேஷனுக்குக் கிளம்பும் முன்பே உங்கள் ஊர் டாக்டரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.