கடிதத்தின் கடைசி வரியிலிருந்து

கேள்வி: எனக்கு 43 வயது. வயல் செய்யும் குடும்பம். இறுதி யுத்தத்தில் என் கண் முன்னாலேயே தம்பி ஷெல் பட்டு இறந்தான். சில வருடங்களாக நெஞ்சுப் படபடப்பு, தலையிடி, கை விறைப்பு. கோயில் வெடி கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. கண்ணை மூடினால் அதே காட்சி. ஈ.சி.ஜி., இரத்தம், தைராய்டு எல்லாம் சரி என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் மூளைக் கட்டி, இதய அடைப்பு என்று வருகிறது. பக்கத்து வீட்டு அக்காவின் நித்திரைக் குளிசையைக் குடித்து வருகிறேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? நான் இல்லாவிட்டால் பிள்ளைகளாவது நிம்மதியாக இருப்பார்கள் என்று சில நாட்களில் தோன்றுகிறது.
— பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்: கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. அந்த எண்ணம் வரும்போது எப்படிச் சாவது என்பது வரை மனம் போகிறதா? அதற்காக எதையாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா? ஆம் என்றால் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். இன்றே ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். பேசுவதற்கு ஒருவர் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அந்த அளவுக்கு மனம் போகவில்லை என்றாலும் மருத்துவரைப் பார்ப்பதை இந்த வாரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தும் களைநாசினியும் வீட்டில் இருந்தால், இன்றே அவற்றை வேறு இடத்தில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். சாவி உங்களிடம் இருக்கக் கூடாது. 1995 வாக்கில் உலகின் மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களில் ஒன்று இலங்கையில்தான் இருந்தது. பிறகு அது பெருமளவு குறைந்ததற்கு முக்கிய காரணம், கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததுதான். துயரம் அப்படியே இருந்தும், கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததால் எத்தனையோ பேர் அந்தப் பொல்லாத வேளையைத் தாண்டி உயிரோடு இருக்கிறார்கள்.

பைத்தியமா என்று கேட்கிறீர்கள். இல்லை. நீங்கள் விவரிப்பது மனவடு நோய் (PTSD). உயிருக்கு ஆபத்தான ஒன்றைக் கண்ட மூளை, ஆபத்து நீங்கிப் பல வருடங்கள் ஆன பிறகும் காவல் நிற்கிறது. வெடிச் சத்தத்தை ஷெல் என்றே எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்கச் செய்கிறது. படபடப்பு அதனால் வருவது. பயத்தில் மூச்சு வேகமாகும்போது கையும் விறைக்கும். கூடவே மனச்சோர்வும் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்; அந்தக் கடைசி வரியை எழுத வைத்தது அதுவாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

மூளைக் கட்டி, இதய அடைப்பு இரண்டையும் விட்டுவிடுங்கள். பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் இயங்காமல் போனாலோ, நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ உடனே ஓட வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. இன்னொரு ஈ.சி.ஜி.க்காகப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம், நள்ளிரவில் கைபேசியில் நோய் தேடவும் வேண்டாம். நித்திரை இல்லாதவரிடம் இணையம் மேலும் பயத்தைத்தான் ஏற்றும்.

அக்காவின் குளிசை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது அக்காவுக்குத்தான். இந்த வகைக் குளிசைகள் சில நாட்கள் தூங்க வைக்கும், மனவடுவை ஆற்றாது. பழகிவிட்டால் அவை இல்லாமல் தூக்கமே வராது. மனம் இப்படி இருக்கும்போது கையருகே ஓர் அட்டை குளிசை இருப்பதும் ஆபத்து. ஆனால் தினமும் குடித்து வந்திருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரக்கூடும். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உண்மையான சிகிச்சை, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு அந்த நினைவைச் சிறிது சிறிதாகப் பேசி அணுகுவது. பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள். தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மருந்தும் தருவார்கள். அது வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். நான்காம் நாளே பயனில்லை என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இத்தனை பரிசோதனை செய்தவர்களில் ஒருவரிடமாவது தம்பியைப் பற்றிச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள், அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் தலையிடி என்றால் பனடோலோடு அனுப்பிவிடுவார்கள். வடக்கில் இந்த நோய் பெரும்பாலும் உடம்பு வலியாகத்தான் மருத்துவரிடம் வருகிறது. ஆகவே இம்முறை தலையிடியில் தொடங்காதீர்கள். “யுத்தத்தில் என் தம்பி இறந்ததைப் பார்த்தேன், அது இன்னும் கண்ணுக்குள் வருகிறது, சில நாட்களில் சாகத் தோன்றுகிறது” என்று சொல்லி, மனநலப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். வாய் வராவிட்டால் தாளில் எழுதிக் கொடுங்கள். அக்காவின் குளிசை அட்டையையும் எடுத்துச் சென்று, எவ்வளவு நாளாகக் குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.