ஏடிவி வண்டியின் வெளுத்த பிளாஸ்டிக்கைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர முடியுமா?

கோத்தகிரி எஸ்டேட்டில் ஓடும் ஏடிவியின் (கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டி) சிவப்பு மட்கார்டு சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துவிட்டது, பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். இந்த பாடி பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். பெயின்ட் பிடிக்காது, தேயிலைச் செடி உரசினாலே உரியும். நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கிறது, வெயிலில் கெட்டது மேல்தோல் மட்டும்தான். மலையில் குளிர்கிறதே என்று வெயிலை லேசாக நினைக்காதீர்கள்: 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும்.

மட்கார்டைக் கழற்றிக் கழுவி, 400, 800, 1500 நம்பர் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) இதே வரிசையில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். முதலில் வெளிறிய ரோஸ் நிறத்தில் பால்போல வழியும். அடியில் நல்ல சிவப்பு தெரியும்வரை 400-ஐ விட்டு அடுத்த நம்பருக்குப் போகாதீர்கள். கடைசியில் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள், பளபளப்பு வரும். தேய்க்காமல் சூடு மட்டும் காட்டினால் சீக்கிரமே மறுபடி வெளுக்கும்.