ஆபரேஷனுக்குப் பின் ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் அவசியமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து, வயிற்றுச் சுவரைத் தாங்க வலை வைத்தார்கள். தையல் சுத்தமாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது ஏழு நாள் ஆன்டிபயாட்டிக், அசிக்ளோஃபினாக்-பாராசிட்டமால், தனியாக பாராசிட்டமால் 650, பான்டோபிரசோல், டிரமடால், வைட்டமின் எழுதியிருக்கிறார்கள். எல்லாமே வேண்டுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் ஆன்டிபயாட்டிக். சீழ் இல்லாத, சுத்தமான ஆபரேஷனில் அதன் வேலை கத்தி படும் நேரத்தில்தான். கீறுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் பெரியவர்களுக்கு வழக்கமாக செஃபசோலின் 2 கிராம் ஊசியாகப் போடுவார்கள். ஆபரேஷன் 4 மணி நேரம் தாண்டினால் இன்னொரு முறை. அதற்குமேல் தடுப்புக்காக நீட்டிக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வழிகாட்டியது. நீட்டித்தால் புண்ணில் தொற்று குறைவதில்லை. வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிச்சம். வார்டு சுத்தத்தின் மேல் நம்பிக்கை இல்லாததால் பல இடங்களில் பழக்கமாகவே எழுதிவிடுகிறார்கள். இது வருந்தத்தக்க பழக்கம். வெடித்த குடல்வால், வயிற்றுக்குள் சீழ் என்றால் கதை வேறு. அங்கே அது தடுப்பு அல்ல, சிகிச்சை. எனவே நீங்களாக நிறுத்தாமல், "இது தடுப்புக்கா, சிகிச்சைக்கா?" என்று அறுவை மருத்துவரிடமே கேளுங்கள்.

வலி மருந்தில் கவனிக்க வேண்டியது கூட்டுக்கணக்கு. அசிக்ளோஃபினாக் கூட்டு மாத்திரை ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது. அதை இரண்டு வேளையும், 650-ஐ நான்கு வேளையும் போட்டால் 3,250 மி.கி. ஆகிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4,000. எடை 50 கிலோவுக்குக் கீழ் என்றாலோ, கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தாலோ இன்னும் குறைவு. முதல் இரண்டு மூன்று நாள் வலி ஏறும்வரை காத்திராமல் நேரம் பார்த்துக் கொடுங்கள். வலி அடங்கியிருந்தால்தான் ஆழமாக மூச்சிழுக்கவும், இருமிச் சளியைத் துப்பவும், எழுந்து நடக்கவும் முடியும். அசிக்ளோஃபினாக் ஓடும்போது அதே வகை வலி மருந்துகளான டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எதையும் சேர்க்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

டிரமடால் தாங்க முடியாத வலிக்கு மட்டும். அது மலச்சிக்கலைக் கொண்டுவரும். முக்கினால் தையலும் வலையும் இருக்கும் இடத்தில்தான் அழுத்தம் விழும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

பான்டோபிரசோல் 40 மி.கி., காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு. வலி மாத்திரையிலிருந்து வயிற்றைக் காக்கவே எழுதியிருந்தால், அது நின்றதும் இதுவும் நிற்கலாம். மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் அதிகம். நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு வைட்டமின் தேவைப்படாது.

சீட்டில் இல்லாததையும் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்துகளை ஆபரேஷனுக்காக நிறுத்தியிருந்தால், எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்று எழுதி வாங்குங்கள். பலருக்கு இது விட்டுப்போகிறது.

புண் சிவந்து வீங்கினாலோ, சீழ் கசிந்தாலோ, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.