காஸ்மோபாலிட்டன் சிட்டின்னா என்ன? மெட்ரோபாலிட்டனும் அதுவும் ஒண்ணா?

ஒண்ணு இல்லைங்க, நிறைய பேர் போட்டுக் குழப்பிக்கிறாங்க. மெட்ரோபாலிட்டன்ங்கிறது ஊரோட சைஸ், காஸ்மோபாலிட்டன்ங்கிறது ஊர்ல யார் யார் இருக்காங்கங்கிறது.

ரெண்டுமே கிரேக்கம்தான். மெட்ரோபோலிஸ்னா தாய்நகரம். அங்கேருந்து ஜனங்க கிளம்பிப்போய் வேற ஊர் உண்டாக்குனா, கிளம்புன ஊர் தாய். காஸ்மோஸ்னா உலகம், பொலிட்டீஸ்னா குடிமகன். காஸ்மோஸுக்கு முதல்ல ஒழுங்கு, அலங்காரம்னுதான் அர்த்தம், நம்ம காஸ்மெட்டிக்ஸ் கூட அதுக்குச் சொந்தக்காரன்தான்.

கிமு 4ஆம் நூற்றாண்டுல டயோஜெனிஸ்னு ஒருத்தர், கருங்கடல் ஓரத்துல இருக்கிற சினோப்ல பொறந்தவர் (இப்ப துருக்கி), சொந்த ஊரை விட்டே துரத்தப்பட்டவர். அவர்கிட்ட "நீ எந்த ஊரு?"ன்னு கேட்டதுக்கு "காஸ்மோபொலிட்டீஸ்", அதாவது உலகத்துக்கே குடிமகன்னு சொன்னாராம். இன்னிக்கு பந்தாவா தெரியுற வார்த்தை, போக ஊரில்லாத ஒரு ஆள் வாயிலேருந்து வந்ததுதான்!

நான் இந்த வார்த்தையைச் சரியா கத்துக்கிட்டதே மும்பைல வீடு தேடுறப்பதான். முட்டை சாப்பிடுவேன்னு சொன்னதுக்கே ரெண்டு இடத்துல கதவைச் சாத்திட்டாங்க, அப்புறம் புரோக்கர் சொன்னார், "கவலைப்படாதீங்க, அடுத்தது காஸ்மோபாலிட்டன் பில்டிங்"னு. எந்த ஜாதி, எந்த மதம், மீன் வறுத்தாலும் யாரும் கேக்கமாட்டாங்கன்னு அர்த்தமாம். டிக்‌ஷனரியை விட அந்தாளு தெளிவா சொல்லிட்டார்.

தமிழ்ல ஒத்தை வார்த்தை வேணும்னா பன்னாட்டு நகரம், பல்லினப் பண்பாட்டு நகரம்னெல்லாம் எழுதுறாங்க, எனக்கு எதுவும் ஒட்டல. ஆனா பட்டினப்பாலைல காவிரிப்பூம்பட்டினத்தைப் பத்தி "மொழி பல பெருகிய" தேசத்துலேருந்து "புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்" ஊருன்னு வருது. கலந்து இனிது உறையுறது, அம்புட்டுதான் விஷயம். வெளியூர்க்காரன் வந்து இறங்கினா மட்டும் போதாது.

நேர்ல பாக்கணும்னா சிங்கப்பூர் சைனாடவுன் போங்க. சவுத் பிரிட்ஜ் ரோட்டுல மாரியம்மன் கோயில், பக்கத்துலயே சோழமண்டலக் கரைலேருந்து போன சூலியா முஸ்லிம்கள் கட்டுன ஜாமியா பள்ளிவாசல், அதே ரோட்டுல கொஞ்சம் தள்ளி புத்தர் கோயில். சீனர்கள் ஏரியாவுக்குள்ள இருக்கிற ஒரு தெருவுக்குப் பேரு பகோடா ஸ்ட்ரீட் (திங்கிற பக்கோடா இல்ல, அடுக்கடுக்கா இருக்கிற கோயில் கோபுரம்). அந்த பகோடா எதுன்னு பாத்தா, நம்ம மாரியம்மன் கோயில் கோபுரம்!