தாடை இழுப்பதும் காஸ்ட்ரிக்தானா?

கேள்வி: என் கணவருக்கு 63 வயது, எனக்கு 57. பெண்கள் ஆண்களைவிட 7 வருடம் கூடுதலாக வாழ்வார்கள் என்று இணையத்தில் வாசித்தேன். வயது வித்தியாசத்தையும் சேர்த்தால் 13 வருடம் நான் தனியே இருக்க வேண்டி வருமா? அவர் புகைப்பதில்லை, பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். பெண்களைக் காப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாம். மாதவிடாய் நின்று 6 வருடமாகிறது, நானும் அந்த மாத்திரையை எடுக்கலாமா? எனக்கு 10 வருடமாக நீரிழிவு. மாடிப்படி ஏறினால் தாடை இழுக்கும், மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். காஸ்ட்ரிக் மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கணவரைப் பற்றி இத்தனை வரிகள் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பயமுறுத்துவது உங்களைப் பற்றிய கடைசி இரண்டு வரிகள். இரைப்பைக்கு மாடிப்படி தெரியாது, அம்மா. ஏறும்போது வந்து, நின்றதும் அடங்கும் இழுவையை, இல்லை என்று உறுதியாகும்வரை, இதயக் குழாய் அடைப்பு என்றே கொள்ள வேண்டும். எத்தனை மாதமாக இருக்கிறது என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் இதயக் குழாய்களுக்கு ஓரளவு காவல் என்பது சரி. பிறகு அந்தக் காவல் தளர்ந்துவிடும். நீரிழிவு வந்த பெண்ணுக்கோ அதற்கு முன்பே பெரும்பகுதி போய்விடுகிறது. பெண்ணுக்கு வரும் மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. தாடை, முதுகு, மேல்வயிறு, ஓங்காளம், இனம்தெரியாத களைப்பு என்று வேடம் மாற்றி வரும். வீட்டில் "வாயு" என்று இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுப்பார்கள். பலர் வைத்தியசாலைக்குப் பிந்தி வருவது இதனால்தான்.

இந்த வாரமே இதய வைத்தியரைப் பாருங்கள். படுக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் நிம்மதியாக வீடு திரும்பிவிடாதீர்கள். ஓய்வில் இருக்கும் இதயம் பல வேளை ஒன்றையும் காட்டிக்கொடுக்காது. "ஏறும்போதுதான் வருகிறது" என்று அழுத்திச் சொல்லுங்கள், அடுத்த பரிசோதனையை அவர் முடிவு செய்வார். அதுவரை படிகளில் அவசரம் வேண்டாம். சும்மா இருக்கும்போது இழுவை வந்தாலோ, நின்ற பிறகும் சில நிமிடங்களில் விடாவிட்டாலோ, குளிர் வியர்வை கொட்டினாலோ உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை. மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை இதயத்துக்காக எடுக்க வேண்டாம். ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்குமா என்று அமெரிக்காவில் பல்லாயிரம் பெண்களிடம் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால், ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் கொடுத்த பகுதியை 2002இல் இடையிலேயே நிறுத்தினார்கள். இணையத்தில் முதல் பாதியை வாசித்தவர்கள்தான் பாமசிக்கு ஓடுகிறார்கள்.

அந்த 13 வருடக் கணக்குக்கு வருவோம். 7 வருடம் என்பது பிறக்கும் குழந்தைக்கான சராசரி. இளவயதில் வீதி விபத்திலும் தற்கொலையிலும் போகும் ஆண்களும், சிகரெட்டும் சாராயமும் கொண்டுபோகிறவர்களும் அதில் அடக்கம். 63ஐத் தாண்டிய ஆணுக்கும் அதே வயதுப் பெண்ணுக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள் இருப்பதும் ஒரு காரணமாகலாம் என்கிறார்கள். அதை வைத்து உங்கள் வீட்டில் யார் முந்துவார் என்று எவராலும் சொல்ல முடியாது. கணவர் மாத்திரையைத் தொடரட்டும், அவ்வளவுதான்.

வைத்தியரிடம் போகும்போது அவரையும் கூட்டிச்செல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் விடுவதை அவர் சொல்வார். அந்தக் காஸ்ட்ரிக் மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.